ஒரே இரவில் தொட்டி மீன்கள் செத்துக் கிடந்தால்: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முழு வழி

காலையில் எழும்பி லைட்டைப் போடுகிறீர்கள். நேற்று இரவு வரை சாப்பாட்டுக்கு ஓடி வந்த மீன்களில் நாலைந்து பக்கவாட்டில் மிதக்கின்றன, மிச்சம் இருப்பவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அந்த நேரத்தில் கை தானாகப் போவது இரண்டு இடத்துக்குத்தான்: அலுமாரியில் இருக்கும் மருந்துப் போத்தலுக்கு, இல்லாவிட்டால் வாளிக்கு. இரண்டையும் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பத்து நிமிடத்தையும் அதற்கடுத்த இரண்டு நாட்களையும் பற்றியது.

மீன்கள் கூட்டமாக, ஒரே இரவில், ஒரே பகலில் சாகும்போது காரணம் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும், அல்லது தண்ணீருக்குள் போகும் காற்றில் இருக்கும். நோய் அப்படி வருவது குறைவு. நோய் ஒவ்வொன்றாகப் பிடிக்கும், நாலைந்து நாள் எடுக்கும், உடம்பில் அடையாளம் காட்டும். காரணம் தெரியாமல் மருந்தை ஊற்றினால் மூச்சுக்குத் தவிக்கிற மீனுக்கு இன்னும் சுமை ஏற்றுகிறீர்கள், ஏனென்றால் சில மருந்துகள் தண்ணீரில் உள்ள ஒட்சிசனைக் குறைக்கும், சில மருந்துகள் பில்டரில் இருந்து மீன் கழிவின் நஞ்சைத் தின்று தீர்க்கும் நல்ல பற்றீரியாவைக் கொல்லும். தண்ணீரை முழுவதும் மாற்றினாலோ சாட்சி முழுவதும் வடிகானுக்குள் போய்விடும்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்று இருந்தது, கிட்டத்தட்ட 140 லீற்றர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் வழக்கம்போல மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன், ஞாயிறு காலை பதினொரு மீனில் ஆறு செத்துக் கிடந்தன. பங்கசு என்று நினைத்து மருந்து போட்டேன். அன்று பின்னேரம் இன்னும் மூன்று போயின. செவ்வாய்க்கிழமைதான் தெரியவந்தது, சனி காலையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியைக் கழுவி டீ.சீ.எல். தூள், அதாவது குளோரீன் தூள், போட்டிருக்கிறார்கள், யாரும் வீடுகளுக்குச் சொல்லவில்லை. நான் முதலே குழாய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்திருந்தால் அந்த மூன்று மீனாவது மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகுதான் இந்த ஒழுங்குக்கு வந்தேன், தெரிந்தவர்கள் வீட்டுத் தொட்டிகளிலும் இதே ஒழுங்கில்தான் தேடுகிறேன்.

முதல் பத்து நிமிடம்

தண்ணீருக்குள் கை வைக்கும் முன் தொட்டியோடு சம்பந்தப்பட்ட எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். வெடித்த ஹீட்டரோ, தோல் உரிந்த வயரோ இருந்தால் மீனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். வயர்களைப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் எயார் பம்ப்பையும் பில்டரையும் திரும்பப் போடுங்கள். பில்டர் தண்ணீர் விழுகிற வாயை மேற்பரப்புக்கு மேலே தூக்கிவிடுங்கள், தண்ணீர் சலசலவென்று விழட்டும். மூடியைத் திறந்துவிடுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் கூடுதல் காற்று கெடுதல் செய்யாது, ஒரே ஒரு விலக்கைத் தவிர: அறைக்குள் நுளம்பு மருந்து வாசமோ பெயின்ட் வாசமோ இருந்தால் எயார் பம்ப் அதைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதும். அப்போது முதலில் யன்னல், பிறகு பம்ப்.

அடுத்தது, சுத்தமான தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் தொட்டித் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடி, நேரத்தை எழுதிப் பிரிட்ஜில் வையுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய போத்தல் வேண்டாம். தண்ணீர் மாற்றிய பிறகு எந்தப் பரிசோதனை செய்தாலும் அது புதுத் தண்ணீரைத்தான் சொல்லும், மீன் செத்த தண்ணீரைச் சொல்லாது. குழாய்த் தண்ணீரிலும் இன்னொரு போத்தல் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு போனை எடுத்து உயிரோடு இருக்கும் மீன்களை ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். எங்கே நிற்கின்றன, எப்படி நீந்துகின்றன, துடிக்கின்றனவா, சுழல்கின்றனவா என்று பதற்றத்தில் நமக்கு ஞாபகம் நிற்காது. செத்தவற்றை வெளியே எடுங்கள், எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் கல்லுக்குப் பின்னால், பில்டருக்கு அடியில் தேடுங்கள். 29, 30 பாகைத் தண்ணீரில் ஒரு செத்த மீன் அரை நாளில் ஊறிப் போய்விடும், அதுவே அடுத்த மீனுக்கு நஞ்சு.

செத்த மீனைப் பாருங்கள், உடனே பாருங்கள்

கொழும்புச் சூட்டில் செத்த மீனின் நிறம் சீக்கிரம் மாறிவிடும், அதனால் இதைப் பின்னால் பார்க்கலாம் என்று விடக்கூடாது. எடுத்தவற்றில் புதிதாகச் செத்ததை, கண் இன்னும் தெளிவாக இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். வெள்ளைத் தட்டில் வைத்து, ஈர்க்குச்சி ஒன்றால் செவுள் மூடியை மெதுவாகத் தூக்கி, போன் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.

நல்ல செவுள் இரத்தச் சிவப்பாக இருக்கும். கோப்பி நிறத்தில், பழுப்பாக இருந்தால் நைட்ரைட் (மீன் கழிவு பாதி சிதைந்த நிலையில் வருவது) நஞ்சை நினையுங்கள், ஏனென்றால் நைட்ரைட் ஏறினால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் பழுப்பாகிவிடுகிறது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து வீங்கினாற்போல இருந்தால் அமோனியா, மீன் கழிவிலிருந்தும் அழுகும் சாப்பாட்டிலிருந்தும் வரும் நஞ்சு. வெளிறி, ஓரம் பிய்ந்து, வழுவழுவென்று சளி படிந்திருந்தால் குளோரீன் சுட்டிருக்கலாம். வாய் அகலத் திறந்து, செவுள் மூடிகள் விரிந்து நின்றபடி செத்திருந்தால் மூச்சுக்கு ஒட்சிசன் கிடைக்கவில்லை. இவை துப்பு மட்டும்தான், தனியாக ஒன்றை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

தோலையும் பாருங்கள். உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி, முதுகில் சேணம் போட்டாற்போல சாம்பல் வெள்ளைத் திட்டு, பொன் தூசி படிந்தாற்போல மினுக்கம் இருந்தால் நோய்ப் பக்கம் யோசிக்கலாம். ஒன்றுமே இல்லாமல் பளபளவென்று இருக்கிற மீன் செத்துக் கிடந்தால் தண்ணீர்தான், காற்றுதான்.

யார் செத்தது, யார் மிஞ்சியது

இந்தக் கேள்விக்கு நான் டெஸ்ட் கிட்டைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறேன். இதற்குக் காசும் தேவையில்லை.

பெரிய மீன்கள் மட்டும் செத்து, சின்ன கப்பிகள் பிழைத்திருந்தால் ஒட்சிசன் குறைவு. பெரிய உடம்புக்குத் தேவை அதிகம். அதோடு ஃபைட்டரும் கௌராமியும் டாங்க் கிளீனர் மீனும் ஒன்றும் நடக்காததுபோல உலாவினால் சந்தேகமே வேண்டாம், அவற்றால் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்க முடியும். கொட்டாஞ்சேனையில் எங்கள் அக்கா முறையான ஒருவர் வீட்டில் இரண்டு மாதத்துக்குள் மூன்று பெரிய ஒஸ்கார் மீன்கள் செத்தன, மூன்றும் விடியற்காலையில், கூட இருந்த கிளீனருக்கு ஒன்றும் இல்லை. மூடி இறுக்கமாகப் பூட்டியிருந்தது, பில்டர் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தது, தொட்டி நிறையச் செடி. செடியும் இரவில் ஒட்சிசனை எடுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பில்டர் வாயை இரண்டு அங்குலம் மேலே தூக்கியதோடு அந்தச் சாவு நின்றது.

தொட்டியில் இறாலும் நத்தையும் இருந்தால் அவற்றைப் பாருங்கள். இறால் முதலில் செத்து, மீன்கள் துடித்துச் சுழன்று, நத்தை மட்டும் சாதாரணமாக ஊர்ந்தால் பூச்சிமருந்து. நுளம்பு மருந்துகளில் பெரும்பாலும் இருக்கும் பைரெத்ரொயிட் வகை, பூச்சிக்கும் இறாலுக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு, நத்தையை அவ்வளவாகத் தாக்காது. இறாலோடு சேர்ந்து நத்தையும் ஓட்டுக்குள் சுருண்டு செத்திருந்தால் செம்பு, அல்லது குளோரீன். வெள்ளைப்புள்ளி மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கிறது, போத்தல் லேபலைப் பாருங்கள்.

புதிதாக வாங்கியவை மட்டும் ஒன்றிரண்டு நாளுக்குள் செத்து, பழையவை நன்றாக இருந்தால் கடைத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அடித்திருக்கிறது. பழையவையும் நாலைந்து நாள் கழித்துச் சாகத் தொடங்கினால் புது மீன் கொண்டுவந்த நோய்.

எந்த நேரத்தில் செத்தது

விடியற்காலையில் என்றால் ஒட்சிசன். 25 பாகைத் தண்ணீரில் அதிகபட்சம் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் அளவில் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் 7.5 தான். அதாவது நம்முடைய ஊரில் தொட்டி தொடங்கும்போதே கொஞ்சம் குறைவோடுதான் தொடங்குகிறது, பிறகு இரவு முழுக்க மீனும் செடியும் அடியில் அழுகும் சாப்பாடும் அதைத் தின்கின்றன.

தண்ணீர் மாற்றிச் சில நிமிடத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் என்றால் குளோரீன், சூட்டு வித்தியாசம், அல்லது நான் கீழே சொல்லப்போகும் பழைய தொட்டிப் பிரச்சினை. பில்டரைக் கழுவி இரண்டு மூன்று நாள் கழித்து என்றால் அமோனியா. நுளம்பு மருந்து அடித்த பின்னேரத்தோடு என்றால் பூச்சிமருந்து.

இன்னொன்று, இரவில் கரண்ட் போயிருக்கலாம், நீங்கள் தூங்கியிருப்பீர்கள். இடியோடு மழை பெய்து ட்ரிப் சுவிட்ச் விழுந்து, விடியக் குசினிக்குள் போன யாரோ அதைத் தூக்கிவிட்டிருப்பார்கள், நீங்கள் எழும்பும்போது பில்டர் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். மைக்ரோவேவ் மணிக்கூடு கண் சிமிட்டுகிறதா பாருங்கள். தொட்டி லைட்டுக்குச் சுழலும் டைமர் போட்டிருந்தால் அது எத்தனை மணித்தியாலம் பிந்தி நிற்கிறதோ அத்தனை மணித்தியாலம் கரண்ட் இருக்கவில்லை. இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது பலருக்கு மீன் செத்தது கரண்ட் இல்லாதபோது அல்ல, வந்த பிறகு. தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கனிஸ்டர் பில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளே இருக்கும் பற்றீரியா சில மணித்தியாலத்தில் ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும், அழுகல் நாற்றம் வரும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் ஒரேயடியாகத் தொட்டிக்குள் கொட்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருந்தால் கனிஸ்டரைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டி, ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும்.

இனி அளந்து பாருங்கள்

பட்டி டெஸ்ட்டைவிடச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் நம்பகமானது. விலை கூடதான், ஆனால் ஒரு தடவை மீன் வாங்கும் காசுக்குள் அடங்கும். கிட் இல்லாவிட்டால் பிரிட்ஜில் வைத்த போத்தலை மீன் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துத் தரச் சொல்லலாம், ஆனால் "நல்லாத்தான் இருக்கு" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பிவிடாதீர்கள், எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அமோனியா பூச்சியமாக இருக்க வேண்டும், நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். கிட் காட்டும் அமோனியா எண்ணோடு பி.எச். எண்ணையும் (தண்ணீரின் அமில, கார அளவு) சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும், பலர் விடும் பிழை இங்கேதான். அமோனியாவில் நஞ்சான பங்கு பி.எச். ஏற ஏறக் கூடும்: 30 பாகையில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8 என்றால் 7 சதவீதத்தைத் தாண்டும். ஒரே கிட் நிறம், ஒரு வீட்டில் மீன் தாக்குப்பிடிக்கும், இன்னொரு வீட்டில் செத்துவிடும்.

இதிலிருந்துதான் அந்தப் பழைய தொட்டிப் பிரச்சினை வருகிறது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது, ஒரு பகுதி லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. மென்மையான தண்ணீர், அதாவது கரைந்த கனியுப்பு குறைந்தது. மென்மையான தண்ணீருக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி குறைவு. மாதக்கணக்காகத் தண்ணீர் மாற்றாமல், ஆவியானதை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தால் பி.எச். மெல்ல மெல்ல இறங்கி 6க்கும் கீழே போய்விடும், அந்த அமிலத்தில் பில்டர் பற்றீரியா வேலையை நிறுத்திவிடும், அமோனியா சேரும், ஆனால் அமிலத் தண்ணீரில் அது நஞ்சில்லாத வடிவில் தூங்கிக் கிடக்கும். மீன்கள் சமாளித்துக்கொண்டிருக்கும். விருந்தினர் வருகிறார்கள் என்று ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றுவீர்கள், பி.எச். சடாரென்று ஏறும், தூங்கிய அமோனியா முழுவதும் நஞ்சாக எழும்பும். "தண்ணீர் மாற்றாமல் இருந்தபோது நன்றாக இருந்தது, மாற்றினால்தான் சாகிறது" என்று சொல்பவர்களின் தொட்டியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது, அவர்கள் தண்ணீர் மாற்றுவதையே நிறுத்திவிடுகிறார்கள், நிலைமை இன்னும் மோசமாகிறது. இந்தத் தொட்டிக்கு நாளுக்கு 10 சதவீதம் போல, ஒரு வாரம் பத்து நாள் எடுத்து, சாப்பாட்டையும் குறைத்துத்தான் மாற்ற வேண்டும். முதலே வாளியைத் தூக்கவேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காக.

குழாய்த் தண்ணீரின் பி.எச்.சையும் அளந்து பாருங்கள். குழாயில் 7, தொட்டியில் 5.8 என்றால் கதை விளங்கிவிடும்.

குளோரீனுக்கு நீச்சல்குளப் பட்டி டெஸ்ட் போதும். வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் தண்ணீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரீன் மிஞ்சியிருப்பது நமக்கு நல்லது, கிருமி வராது. மீனுக்கோ 0.1க்குக் கீழேயே செவுள் சுடத் தொடங்கும். மழைக்காலத்தில் ஆறு கலங்கும்போதும், குழாய் திருத்தத்துக்காக ஒரு நாள் தண்ணீர் வெட்டித் திரும்ப விடும்போதும் வாசம் தூக்கலாக இருக்கலாம். வாளியில் பிடித்து 24 மணித்தியாலம் எயார் ஸ்டோன் (எயார் பம்ப் காற்றைக் குமிழாக விடும் கல்) போட்டு வைத்தால் குளோரீன் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் அன்ரி குளோரீன் என்று விற்கும் வெள்ளைப் பளிங்கு, அது சோடியம் தயோசல்பேற்று, 100 லீற்றருக்கு 1 கிராம் சாதாரணக் குழாய்த் தண்ணீருக்குப் போதும். தாங்கி கழுவிய தண்ணீருக்கு அதை நம்பி இறங்காதீர்கள், இரண்டு மூன்று நாள் தொடவே வேண்டாம்.

வீட்டுக்குள் நடந்த விசாரணை

டெஸ்ட் எல்லாம் சுத்தமாக வந்தால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கிட் காட்டாத நஞ்சுகள் நிறைய. இனி மனிதர்களைக் கேட்க வேண்டும். குற்றவாளியைத் தேடுகிற குரலில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், வேலைக்கு வரும் அம்மா நிச்சயம் சொல்ல மாட்டார். "நேற்று என்னென்ன நடந்தது என்று ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ அக்கா, உங்கள் மேல் பிழை இல்லை" என்று உட்கார்ந்து கதையுங்கள்.

கேட்க வேண்டியது கடைசி 48 மணித்தியாலம். நிலம் துடைக்க என்ன ஊற்றினார்கள், தொட்டிக் கண்ணாடியை எதனால் துடைத்தார்கள், மீன் வாளியை வேறு எதற்காவது எடுத்தார்களா. பெயின்ட், வார்னிஷ். நாய்க்கு உண்ணி மருந்து அடித்த கையோடு மீனுக்குச் சாப்பாடு போட்டார்களா. கையில் நுளம்புக் கிறீம், சனிடைசர். மீன் சாப்பாட்டுக்கு எறும்பு வருகிறதென்று ஸ்டாண்ட் காலைச் சுற்றி எறும்புச் சோக் கீறியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள், அந்தச் சோக்கில் இருப்பது பூச்சிமருந்து, அதைத் தொட்ட கை தொட்டிக்குள் போனால் போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தனியாகக் கேளுங்கள், மீனுக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், அன்பில் செய்ததுதான்.

டெங்குக் காலம் கொழும்பில் தனி அத்தியாயம். ஒழுங்கையில் புகை அடிப்பது மனிதருக்கு அவசியம், அதை நிறுத்தச் சொல்ல முடியாது, தொட்டியைக் காப்பாற்றுவது நம் வேலை. மெஷின் சத்தம் கேட்டவுடன் யன்னலைச் சாத்துங்கள், எயார் பம்ப்பை நிறுத்துங்கள், தொட்டி முழுவதையும் பொலித்தீனாலும் ஈரத் துவாயாலும் மூடுங்கள். உள்ளே இருக்கும் பில்டர் ஓடட்டும், அது அறைக் காற்றை உறிஞ்சாத மாதிரியாக இருந்தால். முக்கால் மணித்தியாலம் போல அப்படி விட்டு, மீனைக் கவனித்துக்கொண்டே இருந்து, பிறகு அறையை நன்றாகக் காற்றாட விட்டுத்தான் பம்ப்பைப் போடுங்கள். வீட்டுக்குள் அடிக்கும் ஸ்பிரேயும், மூடிய அறையில் இரவு முழுக்க எரியும் நுளம்புச் சுருளும் இதே வகைதான்.

பூச்சிமருந்து என்று பட்டால் அளந்து கொண்டிருக்க நேரமில்லை. குளோரீன் நீக்கிய, அதே சூட்டுத் தண்ணீரால் பாதியை மாற்றுங்கள், பில்டருக்குள் நஞ்சை உறிஞ்சும் புதிய கார்பன் போடுங்கள், மூன்று நான்கு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை மாற்றுங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் காவலாளியிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்: தாங்கி கழுவினீர்களா, நீர் வழங்கல் சபைத் தண்ணீர் குறைவென்று குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தீர்களா, பவுசரில் எடுத்தீர்களா. கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கனியுப்பு கூடிக் கனதியாக இருக்கும், கோடையில் உவர்க்கும். நிலத்தடித் தண்ணீரில் கரைந்த ஒட்சிசனும் குறைவு, ஒரு நாள் காற்றூட்டாமல் நேராக ஊற்றக்கூடாது. நண்பகலில் மொட்டை மாடித் தாங்கித் தண்ணீர் கை சுடும் அளவுக்கு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், தண்ணீர் மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காரணம் மிஞ்சினால், வாளிச் சோதனை

எல்லாம் பார்த்தும் தண்ணீரா நோயா என்று பிரிக்க முடியாவிட்டால் இதைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டிலோ நண்பர் வீட்டிலோ நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். உங்கள் தொட்டியில் தவிக்கும் மீன்களில் இரண்டை, அந்தத் தண்ணீருக்கு அரை மணித்தியாலம் மெல்ல மெல்லப் பழக்கி, எயார் ஸ்டோன் போட்ட வாளியில் விடுங்கள். ஓரிரு மணித்தியாலத்தில் நிமிர்ந்து நீந்தத் தொடங்கினால் உங்கள் தொட்டித் தண்ணீர்தான் காரணம், மிச்ச மீன்களையும் அப்படி மாற்றிவிடலாம். வாளியிலும் அப்படியே சோர்ந்து கிடந்தால், அல்லது அடுத்த நாள் திட்டும் புள்ளியும் தெரிந்தால் நோய், அல்லது செவுள் ஏற்கெனவே திருத்த முடியாத அளவு சுட்டிருக்கிறது. அந்த வாளித் தண்ணீரை நண்பரின் தொட்டிக்குத் திரும்ப ஊற்றவே கூடாது.

நோய்களில் ஒன்று மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. முதுகில் சேணத் திட்டு என்று சொன்னேனே, கொலம்னாரிஸ், அது ஒரு பற்றீரியா, சூடான தண்ணீரில் ஒன்றிரண்டு நாளுக்குள் தொட்டியையே காலி செய்யும். கடையிலிருந்து வந்து நெருக்கடியில் இருக்கும் மீன்களில்தான் அதிகம் பார்க்கலாம். புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

காரணம் நைட்ரைட் என்று வந்தால் பகுதி பகுதியாகத் தண்ணீர் மாற்றுவதோடு லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பும் கரைத்து விடலாம், உப்பில் இருக்கும் குளோரைட்டு நைட்ரைட் செவுள் வழியாக ஏறுவதைத் தடுக்கும். செதிலில்லாத கெளிற்று வகை மீன்களும் சில செடிகளும் உப்பை விரும்பாது, அவை இருந்தால் பாதி அளவில் தொடங்குங்கள். அமோனியா என்றால் சாப்பாட்டை இரண்டு மூன்று நாள் முழுவதும் நிறுத்துங்கள், மீன் அதைத் தாங்கும், மனது தாங்காதவர்கள்தான் போடுகிறார்கள். பில்டர் ஸ்பொஞ்சைக் குழாயடியில் வைத்துக் கழுவியிருந்தால் அதன் பற்றீரியா குளோரீனில் போயிருக்கும், தொட்டி மறுபடி புதுத் தொட்டிதான், நிலைக்கு வர மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும்.

அந்த வாரங்களில் வெறும் தொட்டியைப் பார்க்க மனம் கேட்காது, கடைப் பக்கம் கால் போகும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூச்சியம் காட்டும் வரை பொறுத்திருங்கள். பிறகு இரண்டே இரண்டு கப்பி வாங்கி விட்டு, பத்து நாள் பார்த்து, அவை காலையில் லைட் போட்டவுடன் சாப்பாட்டுக்கு ஓடி வந்தால் அடுத்த இரண்டை வாங்குங்கள்.